28 பாடவேளைகளுக்கு வெளியே

ஆசிரியர் அறை மேசையில் 9-ஆம் வகுப்பு ஆ பிரிவின் கணக்கு நோட்டுகள் இரண்டு அடுக்காக இருந்தன. திருத்தியவை வலப்பக்கம், திருத்த வேண்டியவை இடப்பக்கம். அவற்றைத் திருத்திக்கொண்டிருந்தவர் விழுப்புரம் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கும் ஆசிரியை. பல ஆண்டுப் பழக்கம் என்பதால் நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தால் வேலையை நிறுத்தமாட்டார். அன்று அவருக்கு மூன்றாம் பாடவேளை ஓய்வு. பதினேழாவது நோட்டில் பேனா நின்றது. இயற்கணிதக் கணக்கு. வழிமுறை சரி, ஒத்த உறுப்புகளைச் சேர்த்ததும் சரி. கடைசி வரியில் மட்டும் −3 −5 என்பதற்கு +8 என்று பையன் எழுதியிருந்தான். சிவப்பு மையில் அடித்துவிட்டு −8 என்று எழுதி அடுத்த நோட்டுக்குப் போயிருக்கலாம். அவர் போகவில்லை. திருத்தி வைத்த அடுக்கிலிருந்து மூன்று நோட்டுகளை உருவிப் புரட்டினார். இரண்டில் அதே தவறு இருந்தது.

“மைனஸும் மைனஸும் பிளஸ்னு வாய்ப்பாடு மாதிரி மனசுல ஏத்தி வச்சிருக்காங்க. பெருக்கலுக்குச் சொன்னதைக் கூட்டலுக்கும் போட்டுடறாங்க,” என்றார். “இது ஒன்பதாம் வகுப்புத் தப்பு இல்லைங்க. கீழே எங்கேயோ விட்டுப்போனது.”

மூன்று பெயர்களையும் ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொண்டார். இதற்கு ஆறு நிமிடம் ஆகியிருக்கும். அதற்குள் அலுவலக உதவியாளர் வந்து நின்றார். ஏழாம் வகுப்புக்கு வரவேண்டிய அறிவியல் ஆசிரியர் விடுப்பு, மாற்று வகுப்புக்குப் போகவேண்டும். நோட்டுகள் அப்படியே கிடந்தன.

அந்த ஆறு நிமிடம் எந்தக் கணக்கில் சேரும்? ஓர் உயர்நிலைப் பள்ளி ஆசிரியரின் வேலைநாளைப் புரிந்துகொள்ள இந்தக் கேள்வி எனக்கு ஒரு நல்ல வாசலாகப் பட்டது. ஏனென்றால் அந்த வேலையை அளக்க அரசிடம் ஒரே ஓர் அலகுதான் உண்டு. அதன் பெயர் பாடவேளை.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் நாளுக்கு 8 பாடவேளை, வாரத்துக்கு 40. பட்டதாரி ஆசிரியர் ஒருவர் அவற்றில் 28 எடுக்கவேண்டும் என்று வைத்துக்கொண்டுதான் பணியிடக் கணக்குப் போடுவார்கள். ஆகஸ்ட் 1 அன்று பள்ளியில் எத்தனை பிள்ளைகள் பெயர்ப்பட்டியலில் இருக்கிறார்கள் என்று பார்த்து, 1997 டிசம்பர் 29 தேதியிட்ட 525-ஆம் எண் அரசாணையையும் அதற்குப் பின் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் விகிதங்களையும் பொருத்தி, பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று முடிவு செய்வார்கள். இதற்குப் பணியாளர் நிர்ணயம் என்று பெயர். எண்ணிக்கை குறைந்தால் ஒருவர் உபரி ஆகிறார். பிறகு பணி நிரவல், அதாவது வேறு பள்ளிக்கு மாற்றம். ‘உபரி’ என்ற சொல்லை ஆசிரியர்கள் தங்களைப் பற்றியே சொல்லிக்கொள்ளும்போது கேட்கச் சங்கடமாக இருக்கும். இருபது ஆண்டு பாடம் நடத்தியவர் “நான் இந்த வருஷம் உபரி” என்பார். மே மாதத்து வெயிலில் ஆசிரியர்கள் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைச் சேர்க்கச் சொல்வதற்குப் பின்னால் ஊர் மீதான அக்கறையோடு இந்த அச்சமும் இருக்கிறது.

40-இல் 28 போக மீதி 12. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது ஓய்வு. கால அட்டவணையிலும் அந்தக் கட்டங்கள் வெற்றாகத்தான் இருக்கும். அந்த 12-ஐக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணக்குப் பாடத்துக்கு ஒரு பிரிவுக்கு வாரம் 7 பாடவேளை என்றால் ஓர் ஆசிரியரிடம் 4 பிரிவுகள். பிரிவுக்கு 40 பேர் என்றால் 160 பிள்ளைகள். ஒவ்வொருவரிடமும் வகுப்பு நோட்டு, வீட்டுப்பாட நோட்டு, வரைபட நோட்டு என்று மூன்றாவது இருக்கும். வாரத்துக்கு ஒரு பிள்ளையின் ஒரே ஒரு நோட்டை, இரண்டே இரண்டு நிமிடம் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 320 நிமிடம் ஆயிற்று. 40 நிமிடப் பாடவேளையாக மாற்றினால் 8. மிச்சம் 4 பாடவேளை. அதற்குள் பாடக்குறிப்பு எழுதவேண்டும், அலகுத் தேர்வுக்கு வினாத்தாள் எடுக்கவேண்டும், எழுதிய தாள்களைத் திருத்தவேண்டும், மாற்று வகுப்புக்குப் போகவேண்டும், செயலியில் விவரம் ஏற்றவேண்டும். இரண்டு நிமிடத்தில் நோட்டில் டிக் போடலாம். ஒரு பிள்ளை ஏன் தவறினான் என்று கண்டுபிடிக்க ஆறு நிமிடம் வேண்டும். 160 பேருக்கும் ஆறு நிமிடம் என்றால் 16 மணி நேரம். ஆகவே நோட்டுகள் துணிப்பையில் ஏறி வீட்டுக்குப் போகின்றன. சாயங்காலப் பேருந்தில் பை கனத்தோடு ஏறும் ஆசிரியைகளைப் பார்த்தால், அந்தப் பைக்குள் என்ன இருக்கும் என்று எனக்கு இப்போது தெரியும்.

சட்டத்துக்கு இது அறவே தெரியாது என்று சொல்ல முடியாது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருப்பது, தன் அட்டவணையில் ஆசிரியரின் வேலை வாரத்துக்கு 45 மணி நேரம் என்றும் அதில் தயாரிப்பு நேரமும் அடங்கும் என்றும் சொல்கிறது. எட்டாம் வகுப்பு வரைக்குமான சட்டம் என்றாலும், உயர்நிலைப் பள்ளியில் 6, 7, 8 வகுப்புகளை எடுப்பவர்களும் இதே ஆசிரியர்கள்தான். பள்ளி காலை ஒன்பதேகால் வாக்கில் தொடங்கிச் சாயங்காலம் நாலேகாலுக்கு முடிகிறது, உணவு இடைவேளை உட்பட. ஐந்து நாளுக்கு 35 மணி நேரம். எஞ்சிய 10 மணி நேரத்தைச் சட்டம் ஏற்கிறது. ஆனால் அதை எங்கே, எந்த மேசையில், எந்த நேரத்தில் செய்வது என்று எந்தக் கால அட்டவணையும் சொல்வதில்லை. பல பள்ளிகளில் ஆசிரியருக்குத் தனி மேசையே கிடையாது. நீளமான பொது மேசையில் ஓர் ஓரம்தான் அவருடையது.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய சங்கதி அன்று. பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு நாடு நாடாக ஆசிரியர்களைக் கேட்டு நடத்தும் ‘டாலிஸ்’ ஆய்வின் 2018-ஆம் ஆண்டுச் சுற்றில், பங்கேற்ற நாடுகளின் நடுநிலை வகுப்பு ஆசிரியர்கள் சராசரியாக வாரத்துக்கு 38 மணி நேரம் வேலை செய்வதாகச் சொன்னார்கள். அதில் வகுப்பெடுப்பது சுமார் 20 மணி நேரம். ஜப்பானில் வேலை 56 மணி நேரம், வகுப்பெடுப்பது 18. வகுப்பு நேரம் சராசரியைவிடக் குறைவு. வேலை நேரமோ மற்ற நாடுகளைவிட மிக அதிகம். பள்ளி முடிந்த பிறகு நடக்கும் விளையாட்டு, கலைக் குழுக்களை மேற்பார்ப்பதும் அலுவலக வேலையும் அங்கே ஆசிரியரின் நாளை விழுங்குகின்றன. இந்தியா அந்த ஆய்வில் இல்லை. நமக்கென்று இருப்பது தேசியக் கல்வித் திட்டமிடல், நிர்வாகப் பல்கலைக்கழகம் 2018-இல் ஐந்து மாநிலங்களில் செய்த ஆய்வு. தமிழ்நாடு அந்த ஐந்தில் சேரவில்லை. ஆசிரியரின் ஆண்டு வேலை நேரத்தில் சுமார் 19 விழுக்காடுதான் கற்பித்தலுக்குப் போகிறது என்பது அதன் முடிவு. இந்த எண் மேடைதோறும் பேசப்பட்டது. எனக்கு அதில் ஒரு நெருடல் உண்டு. கற்பித்தல் என்ற தலைப்பில் வகுப்பெடுப்பதை மட்டும் வைத்து மற்ற எல்லாவற்றையும் வேறு தலைப்புகளில் பிரித்துவிட்டால், 17-ஆவது நோட்டில் பேனா நின்ற அந்த ஆறு நிமிடத்தை எந்தத் தலைப்பில் வைப்பது? கரும்பலகை முன் நிற்பது மட்டுமே கற்பித்தல் என்ற எண்ணம் அரசாணையில் இருப்பதைப் போலவே ஆய்விலும் புகுந்துவிடுகிறது.

அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று தேடினால் சென்னைக்கே வந்து சேரலாம். 1789-இல் எழும்பூரில் இராணுவத்தாரின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஏற்றார். நம் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். சட்டாம்பிள்ளை என்கிற மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையைத் தன் பள்ளியில் ஓர் ஒழுங்காகவே ஆக்கினார். 1797-இல் லண்டனில் அதைப் பற்றிப் புத்தகமும் போட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் பரவியது. ஓர் ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சமாளிக்கலாம் என்பதுதான் அங்கே அதற்கு இருந்த கவர்ச்சி. நம் சட்டாம்பிள்ளை கடல் தாண்டிப்போய்ச் சிக்கனத் திட்டமாகிவிட்டான். இன்றும் அவன் இருக்கிறான். ஆசிரியரை அலுவலகத்துக்குக் கூப்பிட்டுவிட்டால் பேசுகிறவர்களின் பெயரைப் பலகையில் எழுதுகிற வகுப்புத் தலைவன் அவன்தான்.

அடுத்த கண்ணி 1862. இங்கிலாந்தில் ராபர்ட் லோ கொண்டுவந்த விதிகளின்படி, ஆய்வாளர் வந்து ஒவ்வொரு பிள்ளையையும் வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் சோதிப்பார். தேறியவர்களின் தலைக்கணக்குக்கு ஏற்பப் பள்ளிக்கு மானியம். அந்தப் பத்தாண்டிலேயே சென்னை மாகாணத்துக்கும் இது வந்தது. பள்ளிகள் பிழைப்பது ஆய்வாளர் வரும் ஒற்றை நாளைப் பொறுத்தது என்றானது. 1904-இல் கர்சன் காலத்துக் கல்வித் தீர்மானம் இந்த மானிய முறையைக் கைவிடச் சொன்னது. மானியம் போய் நூறாண்டுக்கு மேலாகிறது. பத்தாம் வகுப்பு முடிவு வந்த மறுவாரம் நடக்கும் மீளாய்வுக் கூட்டத்தில் உட்கார்ந்தவர்களுக்கு அதன் நிழல் தெரியும். பாடவாரியாகத் தேர்ச்சி விழுக்காடு திரையில் ஓடும். குறைந்தவர்கள் எழுந்து நின்று காரணம் சொல்லவேண்டும். 2017 முதல் மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று மாணவர்களை வரிசைப்படுத்தி அறிவிப்பதை அரசு நிறுத்தியது. நல்ல முடிவு அது. ஆசிரியரை வரிசைப்படுத்துவது மட்டும் நிற்கவில்லை.

கல்வியாளர் கிருஷ்ண குமார் 1991-இல் எழுதிய நூலில் இந்திய ஆசிரியரைப் பணிவான சர்வாதிகாரி என்ற பொருளில் விவரிக்கிறார். என்ன கற்பிப்பது, எந்தப் புத்தகம், எப்போது தேர்வு என்ற எதிலும் அவருக்குச் சொல் இல்லை. குடியேற்ற ஆட்சி அவரைக் குறைந்த சம்பளக் கீழ்நிலை அலுவலராக்கிப் பதிவேடுகளைக் கையில் கொடுத்தது. அதிகாரி முன் பணிந்து நிற்பவர் வகுப்புக்குள் போனதும் சர்வ அதிகாரம் படைத்தவர். நான் படித்த பள்ளியை நினைத்தால் இதில் பாதிக்கு மேல் உண்மை என்பேன். ஆனால் இன்று நான் பார்க்கிற ஆசிரியைகளிடம் அந்தச் சர்வாதிகாரம் வெகுவாகக் கரைந்துவிட்டது. பிரம்பு போய்விட்டது, போகவேண்டியதுதான். பதிவேடு மட்டும் வளர்ந்திருக்கிறது.

காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்து வகுப்புக்குள் போனதும் பெயர் கூப்பிடுவதைப் பாருங்கள். வருகைப் பதிவேட்டில் ஒருமுறை, கைப்பேசிச் செயலியில் ஒருமுறை. ‘எமிஸ்’ என்று எல்லோரும் சொல்கிற கல்வி மேலாண்மைத் தகவல் தளத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண் உண்டு. ஆதார், வங்கிக் கணக்கு, உயரம், எடை, இரத்த வகை, விலையில்லாச் செருப்பின் அளவு என்று அந்த எண்ணுக்குப் பின்னால் சேர்ந்துகொண்டே போகும். இந்தத் தளத்தால் நன்மை இல்லை என்று சொல்லமாட்டேன். இடம் மாறிப் போன பிள்ளையை முன்பு தேடவே வழி இருந்ததில்லை. இப்போது பள்ளியை விட்டுப் போன பிள்ளையின் பெயர் ‘காமன் பூல்’ என்ற பொதுப்பட்டியலுக்குப் போகிறது. அடுத்த ஊர்ப் பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். கிராமத்தில் சிக்னல் கிடைக்காமல் ஆசிரியர் மைதானத்து வேப்பமரத்தடிக்கு நடந்துபோய் வருகையை ஏற்றும் அந்தப் பத்து நிமிடம்தான் எனக்கு உறுத்துகிறது. முதல் பாடவேளையின் முதல் பத்து நிமிடம் அது.

பெயர் கூப்பிடும்போது இன்னொரு வேலையும் நடக்கிறது. ஆசிரியை நிமிர்ந்து பார்த்துத்தான் கூப்பிடுகிறார். குரல் எப்படி இருக்கிறது, கண் சிவந்திருக்கிறதா, சாப்பிடாமல் வந்த முகமா, இரண்டு நாளாக ஒருத்தி ஏன் சுவர் ஓரமாகவே உட்காருகிறாள். பத்தாம் வகுப்பு அரையாண்டு முடிந்து ஒரு பெண் வரவில்லை என்றால் அவருக்கு வயிற்றைக் கலக்கும். வீட்டில் நிச்சயம் பேசுகிறார்களோ என்று. உடனே பக்கத்துத் தெருப் பிள்ளையிடம் விசாரிப்பார், அம்மாவுக்குப் போன் போடுவார். கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும் என்று புதுமைப் பெண் திட்டத்தை எடுத்துச் சொல்வார். பாடநூலின் பின்னட்டையில் அச்சிட்டிருக்கும் 1098, 14417 என்ற இரண்டு உதவி எண்களையும் பிள்ளைகளை மனப்பாடமாகச் சொல்லவைப்பார். ஒரு பிள்ளை தனியாக வந்து எதையாவது சொன்னால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிக்கவேண்டிய கடமை அவருக்கு உண்டு. தெரிவிக்காமல் இருப்பது குற்றம். இத்தனை கனமான பொறுப்புக்கு அவருக்குக் கிடைப்பது சில மணி நேரப் பயிற்சி.

பிலிப் ஜாக்சன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் தொடக்கப் பள்ளி வகுப்பறைகளில் உட்கார்ந்து கவனித்து 1968-இல் எழுதிய நூலில், ஓர் ஆசிரியர் ஒரு நாளில் ஆயிரம் முறைவரைகூடப் பிள்ளைகளோடு கொள்வினை கொடுப்பினை நடத்துகிறார் என்றார். ஒரு பார்வை, ஒரு கேள்வி, தோளில் ஒரு தட்டு, ‘நீ சொல்லு’ என்று ஒரு விரல் நீட்டல். ஒவ்வொன்றும் ஒரு நொடியில் எடுக்கும் முடிவு. 1986-இல் லீ ஷுல்மன் இன்னொன்றைச் சொன்னார். கணக்கு தெரிந்தவர், பாடம் நடத்தத் தெரிந்தவர் என்ற இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஓர் அறிவு இருக்கிறது. குறிப்பிட்ட பாடத்தின் குறிப்பிட்ட இடத்தில் பிள்ளைகள் எப்படித் தடுக்கி விழுவார்கள் என்ற அறிவு, ஆசிரியருக்கு மட்டுமே உரிய அறிவு. ‘பெருக்கலுக்குச் சொன்னதைக் கூட்டலுக்கும் போட்டுடறாங்க’ என்று ஆசிரியை சொன்னாரே, அதுதான். கணக்கில் பெரிய பட்டம் வாங்கியவருக்கும் இது தானாக வராது. ஆயிரக்கணக்கான நோட்டுகளைத் திருத்தித்தான் வரும். ஆசிரியரின் அறிவு விளைகிற நிலமே அந்த நோட்டு அடுக்குதான். அதற்கு நேரம் ஒதுக்காத பள்ளி, ஆசிரியரைத் தேர்ச்சி பெறவிடாமல் தடுக்கிறது என்று துணிந்து சொல்வேன்.

வகுப்புக்கு வெளியே இருக்கும் ஆசிரியரின் நேரம் வெற்றுநேரம் என்ற நினைப்பு நீதிமன்றம்வரை போயிருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, பத்தாண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் இம்மூன்றைத் தவிர வேறு வெளிவேலைக்கு ஆசிரியரை அனுப்பக்கூடாது என்கிறது. அதற்கும் முன்பு, 2007 டிசம்பரில், தேர்தல் ஆணையத்துக்கும் ஒரு பள்ளிக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு வழி சொன்னது. வாக்காளர் பட்டியல் வேலையை ஆசிரியர்கள் விடுமுறை நாளிலும் பாடம் நடக்காத நாளிலும் செய்யட்டும். பிள்ளைகளின் பாடம் கெடக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில் சொன்னது, அதை மதிக்கிறேன். ஆனால் நோட்டு திருத்துவதும் அடுத்த வாரப் பாடத்தை யோசிப்பதும் அந்த விடுமுறை நாளில்தான் நடக்கின்றன என்பது அந்தக் கணக்கில் வரவில்லை. 2025 நவம்பர் 4-இல் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, வாக்குச்சாவடி நிலை அலுவலர்களாக இருந்த ஆசிரியர்கள் படிவங்களோடு தெருத் தெருவாக ஏறி இறங்கினார்கள். அந்த மாதம் ஆசிரியையோடு பேசியபோது அவர் சொன்னது இதுதான்: “நான் ஒருத்தி போனா நாலு வகுப்பு நிக்குதுங்க.”

உடம்பைப் பற்றியும் சொல்லவேண்டும். அமெரிக்காவின் அயோவா, யூட்டா மாநிலங்களில் 1,243 ஆசிரியர்களையும் 1,288 பிற தொழிலினரையும் ஒப்பிட்டு 2004-இல் வெளியான ஆய்வில், வாழ்நாளில் ஒருமுறையாவது குரல் கெட்டுப்போனதாகச் சொன்ன ஆசிரியர்கள் 57.7 விழுக்காடு, மற்றவர்கள் 28.8. அங்கே வகுப்பில் இருபது இருபத்தைந்து பிள்ளைகள். இங்கே தகரக் கூரை, பக்கத்து வகுப்புச் சத்தம், பாதிச் சுவர், நாற்பது பிள்ளைகள். மிளகும் பனங்கற்கண்டும் கைப்பையில் வைத்திருக்காத ஆசிரியையை நான் பார்த்ததில்லை. கழிப்பறை சரியில்லாத பள்ளிகளில் காலை பத்து மணிக்கு மேல் தண்ணீர் குடிக்காமலே நாளை ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். வறண்ட தொண்டையோடு ஆறு வகுப்பு.

ஏப்ரலில் ஆசிரியரின் வேலை வேறு உருவம் எடுக்கிறது. பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாம். வெளியூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றின் வகுப்பறையில், பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒரு குழுவுக்கு ஒரு முதன்மைத் தேர்வாளர், ஒரு கூர்ந்தாய்வாளர், சில உதவித் தேர்வாளர்கள். வழக்கமாகக் காலையில் 15 தாள், மதியத்துக்கு மேல் 15. விடைக்குறிப்பு கையில். முகப்புத் தாள் கிழிக்கப்பட்டுவிட்டதால் யார் எழுதியது என்று தெரியாது. எந்த மாவட்டம் என்றுகூடத் தெரியாது. கணக்கில் படிநிலைக்கு ஏற்ப மதிப்பெண் உண்டு என்பதால் ஒவ்வொரு வரியையும் பார்க்கவேண்டும். மின்விசிறிக் காற்றில் தாள் படபடக்கும். யாரும் அதிகம் பேசமாட்டார்கள். கூட்டலில் ஒரு மதிப்பெண் விட்டுப்போய், பிள்ளை மறுகூட்டலுக்கு விண்ணப்பித்து அது வெளிவந்தால், திருத்தியவருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். ‘17 ஏ’, ‘17 பி’ என்று ஒழுங்கு நடவடிக்கை விதிகளின் எண்களை ஆசிரியர்கள் சொல்லும்போது நோயின் பெயரைச் சொல்வதுபோல் குரல் தாழும். ஒரு பிள்ளையின் மேற்படிப்பு அந்த ஒரு மதிப்பெண்ணில் நிற்கலாம் என்பதால் கண்டிப்பு வேண்டியதுதான். முப்பது தாளை ஒரு நாளில் முடிக்கவைக்கிற ஏற்பாட்டையும் அதே கண்டிப்போடு பார்க்கவேண்டும் என்பது என் கட்சி.

அந்த முகாமிலும் ஆசிரியை −3 −5 = +8 என்பதைப் பார்த்திருக்கிறார். பலமுறை. ஒரு மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போவார். “யாரு புள்ளையோ. கூப்பிட்டுக் கேக்க முடியாது பாருங்க. நம்ம கிளாஸா இருந்தா ரெண்டு நிமிஷம் உக்கார வச்சுச் சொல்லிடலாம்,” என்றார். தவறு ஒன்றுதான். முகாமில் அது ஒரு மதிப்பெண். பள்ளியில் அது ஒரு பையன்.

அந்தப் பையனை அன்று உணவு இடைவேளையில் கூப்பிட்டார். சத்துணவு வாங்கிச் சாப்பிட்டுக் கைகழுவி, ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே வந்தான். நோட்டைக் காட்டவில்லை அவர்.

“கடைக்காரர்கிட்ட மூணு ரூபா கடன் வச்சிருக்க. மறுபடியும் போய் அஞ்சு ரூபாய்க்குக் கடன் வாங்கற. இப்ப உன் கணக்கு என்னடா?”

“எட்டு ரூபா கடன் டீச்சர்.”

“கையில எட்டு ரூபா இருக்குன்னு சொல்லலையே?”

“இல்ல டீச்சர். கடன்தான்.”

அப்புறம்தான் நோட்டைத் திறந்தார். பையன் +8-ஐப் பார்த்தான், அவரைப் பார்த்தான், மறுபடி நோட்டைப் பார்த்தான். ரப்பரை எடுக்கப் போனவனைத் தடுத்து, “அழிக்காத, பக்கத்துல எழுது,” என்றார். எழுதினான். பிறகு சும்மா கேட்பதுபோல் கேட்டார்:

“ஆறாவது படிக்கும்போது மூணாம் பருவம் எங்கடா இருந்த?”

“சூளைக்குப் போயிட்டோம் டீச்சர். பொங்கல் முடிஞ்சு போனோம். ஆனியிலதான் ஊருக்கு வந்தோம்.”

அந்தப் பகுதியில் பல ஊர்களிலிருந்து குடும்பங்கள் பொங்கல் கழிந்ததும் முன்பணம் வாங்கிக்கொண்டு செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டவும் கிளம்பிவிடும். மழை தொடங்கும் சமயத்தில் திரும்பும். முழுக்கள் என்ற பாடம், அதாவது மைனஸ் எண்கள் முதன்முதலாக வருகிற பாடம், ஆறாம் வகுப்பின் மூன்றாம் பருவப் புத்தகத்தில் இருக்கிறது. ஜனவரிக்குப் பிறகு நடத்துவது. துண்டுத்தாளில் இருந்த மற்ற இரண்டு பெயர்களும் அதே தெருதான். மூவருடைய ஆறாம் வகுப்பு வருகைப் பதிவேட்டையும் அவர் அலுவலக பீரோவிலிருந்து எடுத்துப் பார்த்தார். பிப்ரவரி, மார்ச் முழுக்க வரிசையாகச் சுழிகள். எட்டாம் வகுப்புவரை தேர்ச்சி உண்டு என்பதால் பிள்ளைகள் மேலே வந்துவிட்டார்கள். அந்தத் தேர்ச்சி இல்லாவிட்டால் மூவருமே அப்போதே சூளையோடு நின்றிருப்பார்கள் என்பது அவருடைய எண்ணம். எனக்கும் அப்படித்தான் படுகிறது. விட்டுப்போன மூன்று மாதத்தை யாராவது திரும்பக் கொடுக்கவேண்டும், அவ்வளவுதான். யார், எந்தப் பாடவேளையில் என்பதுதான் எங்கும் எழுதியில்லை.

மறுநாள் ஆறாம் பாடவேளையில் அவர் மூவரோடு இன்னும் நாலைந்து பேரையும் சேர்த்துத் தாழ்வாரத்துக்கு அழைத்துப்போனார். மற்றவர்களுக்குப் பயிற்சிக் கணக்கு கொடுத்து வகுப்புத் தலைவியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். தரையில் சுண்ணக்கட்டியால் நீளமாக ஒரு கோடு, நடுவில் பூச்சியம், வலப்பக்கம் பத்து, இடப்பக்கம் பத்து. கோட்டின் மேல் பிள்ளைகளை நடக்கவைத்தார். மூன்றடி பின்னால், அங்கிருந்து இன்னும் ஐந்தடி பின்னால். எங்கே நிற்கிறாய் என்று கேட்டார். பையன் குனிந்து காலடியில் இருந்த எண்ணைப் படித்தான். மணி அடிப்பதற்குள் எல்லோரும் இரண்டு மூன்று முறை நடந்துவிட்டார்கள்.

அன்றைய தேதிக்கு நேராக அவருடைய பாடக்குறிப்பேட்டில், திங்கட்கிழமையே எழுதித் தலைமையாசிரியரிடம் கையொப்பம் வாங்கியபடி, ‘இயற்கணிதம், பயிற்சி 3.2’ என்றே இருக்கிறது.